192 கன்ட்ரோலர்: 8 பார், 4 பீம், 4 ஹாலஜன். எங்கே தொடங்குவது?

அரங்கம்_புதுசு

வணக்கம். எங்கள் பள்ளிக் கலையரங்கத்துக்கு லைட் செட் வாங்கியாகிவிட்டது. இயக்கும் பொறுப்பு என் தலையில். ஆண்டு விழாவில் ஒரு நாடகம், மற்றதெல்லாம் நடனம். கையில் இருப்பவை:

54×3 வாட் எல்இடி பார் (PAR, நிறம் மாறும் விளக்கு) 8
7ஆர் 230 வாட் பீம் (மூவிங் ஹெட், தலை திரும்பும் விளக்கு) 4
பழைய பார் 64 ஹாலஜன், தலா 1000 வாட், 4
அதற்கு 4 சேனல் டிம்மர் பேக் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) 1
டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் சிக்னல் முறை) 192 கன்ட்ரோலர் 1

எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் பார்கள் தம் இஷ்டத்துக்கு நிறம் மாறுகின்றன, பீம்கள் இருட்டாகவே நிற்கின்றன. விளக்கு 16, கன்ட்ரோலரில் ஸ்கேனர் பட்டன் 12தான். போதுமா, வேறு டெஸ்க் (கன்ட்ரோலர்) வாங்கச் சொல்ல வேண்டுமா?

ஐந்துமுனை

போதும் சார். முதலில் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஹாலஜன் நான்கும் டிஎம்எக்ஸ் பேசாது, பேசுவது டிம்மர் பேக். ஆக உங்களிடம் இருப்பது 13 சாதனம்.

டெஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அந்தப் பெட்டிக்கு எதிரில் இருப்பது பாரா பீமா என்று தெரியாது. 192 சேனல்களுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. எந்தச் சேனலிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று ஒவ்வொரு விளக்கிலும் நீங்கள் வைக்கும் எண்தான் அட்ரஸ். அதிலிருந்து எத்தனை சேனல் கேட்கும் என்பது விளக்கின் மோடைப் பொறுத்தது. புதிதாக வருகிறவர்களின் தொல்லையில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்ணுக்குள்ளேயே இருக்கும்.

192 மாடலில் அட்ரஸை நம் இஷ்டத்துக்குப் பிரிக்க முடியாது. ஒரு ஸ்கேனர் பட்டனுக்கு 16 சேனல் என்று அடித்து வைத்துவிட்டார்கள். ஸ்கேனர் 1 என்றால் 1, 2 என்றால் 17, பிறகு 33, 49, 65, 81, 97, 113, 129, 145, 161, கடைசியாக 177. ஃபேடர் (மேலும் கீழும் தள்ளி மதிப்பை வைக்கும் குமிழ்) 8 மட்டுமே இருப்பதால் பக்கம் ஏ-யில் முதல் 8 சேனல், பக்கம் பி-யில் 9 முதல் 16 வரை.

உங்கள் பார்களில் 8 சேனல் மோடு இருக்கும். அதை வைத்தால் ஒரு பட்டனுக்குள் 2 பார் அடங்கும்:

ஸ்கேனர் 1: பார் 1 → 1, பார் 2 → 9
ஸ்கேனர் 2: பார் 3 → 17, பார் 4 → 25
ஸ்கேனர் 3: பார் 5 → 33, பார் 6 → 41
ஸ்கேனர் 4: பார் 7 → 49, பார் 8 → 57
ஸ்கேனர் 5: டிம்மர் பேக் → 65 (65 முதல் 68 வரை 4 ஹாலஜன்)
ஸ்கேனர் 9 முதல் 12: பீம்கள் → 129, 145, 161, 177

6, 7, 8 காலி. புகை மெஷின் வந்தால் அங்கே.

பார் தானாக நிறம் மாறினால் அது ஆட்டோ அல்லது சவுண்ட் மோடில் இருக்கிறது. மெனுவில் டிஎம்எக்ஸ் அட்ரஸ் பக்கத்துக்குப் போய் எண்ணை வைத்து, சேமிக்கும் பட்டனையும் அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால் கரன்ட் போய் வந்ததும் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும்.

பார்64

டிப் ஸ்விட்ச் வைத்த பழைய டிம்மர் பேக்காக இருந்தால்: 1 முதல் 9 வரையுள்ள ஸ்விட்ச்களின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. அட்ரஸ் 65 வேண்டுமென்றால் 64+1, அதாவது 7-ஐயும் 1-ஐயும் மட்டும் மேலே தள்ளுங்கள்.

கரன்ட் விஷயம் யாரும் சொல்லவில்லை. 4×1000 வாட் முழுசாக எரிந்தால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் அந்தப் பேக்கை மாட்டாதீர்கள், பிளக் உருகும். எலக்ட்ரீஷியனிடம் 32 ஆம்பியர் லைன் கேளுங்கள், இல்லாவிட்டால் பல்பை 500 வாட்டுக்கு மாற்றுங்கள். எல்இடி பாரையோ பீமையோ தப்பித்தவறியும் டிம்மர் பேக்கின் அவுட்டில் செருகக் கூடாது. அவற்றுக்கு டிம்மர் வழியாக வராத நேரடி மெயின் கரன்ட்தான், இல்லையென்றால் பவர் சப்ளை போய்விடும்.

அரங்கம்_புதுசு

நன்றி சார். அட்ரஸ் வைத்தாயிற்று, பார்கள் சொன்னபடி கேட்கின்றன. பீம் தலை ஆடுகிறது, ஆனால் வெளிச்சம் இல்லை. டிம்மர் ஃபேடரை முழுக்க ஏற்றியும் பார்த்துவிட்டேன்.

ஐந்துமுனை

இரண்டு காரணம் இருக்கலாம். ஷட்டர் மூடியிருக்கலாம், அல்லது லாம்ப்பே எரியாமல் இருக்கலாம்.

இந்த வகை பீம்களில் பல, கிளே பாக்கி ஷார்ப்பியின் 16 சேனல் வரிசையையே பின்பற்றுகின்றன. பக்கம் ஏ: 1 நிறச் சக்கரம், 2 ஷட்டர்/ஸ்ட்ரோப், 3 டிம்மர், 4 கோபோ (ஒளியில் உருவம் காட்டும் தகடு), 5 பிரிசம், 6 பிரிசம் சுழற்சி, 7 எஃபெக்ட், 8 ஃப்ராஸ்ட். பக்கம் பி: 9 ஃபோகஸ், 10 பேன் (தலை இடவலமாகத் திரும்புவது), 11 பேன் ஃபைன் (அதன் நுண் அசைவு), 12 டில்ட் (மேலும் கீழும் சாய்வது), 13 டில்ட் ஃபைன், 14 ஃபங்ஷன், 15 ரீசெட், 16 லாம்ப். உங்கள் விளக்கோடு வந்த தாளைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும்.

ஷட்டர் 0-இல் இருந்தால் டிம்மர் 255-இல் இருந்தாலும் இருட்டுதான். 2-ஆம் ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். ஓரிடத்தில் திறக்கும், இடையில் படபடக்கும் பகுதி வரும், அதையும் தாண்டினால் மறுபடி நிலையாகத் திறக்கும். அதற்கும் மசியாவிட்டால் விளக்கின் மெனுவில் லாம்ப்பை ஆன் செய்யுங்கள். பவர் வந்தவுடன் தானே எரியும்படியும் அங்கேயே வைக்கலாம்.

பக்கம் பி-யில் 7, 8-ஆம் ஃபேடர்கள்தான் ரீசெட்டும் லாம்ப்பும். அவற்றின் கீழே சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். தெரியாமல் ஏற்றி சீனில் (டெஸ்க்கில் பதிந்து வைக்கும் ஒளி அமைப்பு) பதிந்துவிட்டால், அந்த சீன் வரும்போதெல்லாம் நடனத்தின் நடுவில் தலை சுற்றி ரீசெட் ஆகும். காரணம் தெரியாமல் விளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

7ஆர் டிஸ்சார்ஜ் லாம்ப். அணைந்தால் உடனே மறுபடி பற்றாது, சூடு ஆற சில நிமிடம் வேண்டும். எனவே இருட்டு வேண்டுமென்றால் ஷட்டரையும் டிம்மரையும் மூடுங்கள், லாம்ப்பை அணைக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் லாம்ப்பை அணைத்து, ஃபேன் 10 நிமிடம் ஓடிய பிறகே மெயினை இறக்குங்கள்.

கேபிள்சுருள்

ஈபி போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியிலும் இதே கதைதான். எல்இடி உடனே திரும்பும், பீம் நான்கும் சில நிமிடத்துக்கு ஊமை. ஜெனரேட்டர் இருக்கிறதென்றால் விழா தொடங்கும் முன்பே அதற்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். டெஸ்க்கின் அடாப்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். சிக்னல் நின்றால் என்ன செய்வது என்று விளக்கின் மெனுவில் ஒரு தேர்வு இருக்கும். அதைக் கடைசி நிலையைப் பிடித்து வைக்கும்படி வையுங்கள். ஆட்டோவில் விட்டால் கேபிள் நழுவியதும் சோகக் காட்சியில் டிஸ்கோ ஓடும்.

கேபிளும் பாருங்கள். டெஸ்க்கின் அவுட்டிலிருந்து முதல் விளக்கின் இன், அதன் அவுட்டிலிருந்து அடுத்ததன் இன், இப்படியே சங்கிலியாக. நடுவில் ஒய் போட்டுப் பிரிக்கக் கூடாது. முன்பக்க விளக்குக் குழாய்க்கு ஒரு திசை, மேடை ட்ரஸ்ஸுக்கு (விளக்கு மாட்டும் சட்டம்) ஒரு திசை என்று போக வேண்டியிருந்தால் ஆப்டோ ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பிரித்துத் தரும் பெட்டி) வையுங்கள். மைக் கேபிள் வேண்டாம். இணைப்பி ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பியின் மின்மறுப்பு வேறு, டிஎம்எக்ஸ் எதிர்பார்ப்பது 120 ஓம் வாக்கில். நிரந்தரமாகச் சுவரில் இழுப்பதாக இருந்தால் கேட் 5இ கேபிள் நன்றாகவே வேலை செய்யும்.

பார்64

13 சாதனத்துக்கு மைக் கேபிள் போதும் தம்பி. கல்யாண மண்டபங்களில் பாதி அப்படித்தான் ஓடுகிறது. லைனின் கடைசி முனையில் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் ரெசிஸ்டர்) போட்டவர் யாரையும் பார்த்ததில்லை.

கேபிள்சுருள்

ஓடும் அண்ணே, மறுக்கவில்லை. 10 மீட்டரில் ஓடும். இவர் டெஸ்க்கை அரங்கத்தின் பின்னால் வைக்கப் போகிறார், போக 40 மீட்டர், பிறகு ட்ரஸ் முழுக்க. அந்த நீளத்தில் முனையில் மோதித் திரும்பும் சிக்னல் புதிதாக வருவதோடு கலக்கும். கடைசி 2, 3 விளக்கில் மட்டும் சிமிட்டல், பீம் தலை திடீரென்று உதறுவது, இவைதான் அறிகுறி. ஒத்திகையில் வராமல் புகை மெஷினும் சவுண்டும் சேர்ந்து ஓடும்போது வந்து தொலைக்கும்.

டெர்மினேட்டர் செய்ய ஒரு 3 முனை ஆண் எக்ஸ்எல்ஆர் இணைப்பி, ஒரு 120 ஓம் கால் வாட் ரெசிஸ்டர். 2-ஆம் 3-ஆம் முனைகளுக்கு நடுவே சால்டர் செய்து, கடைசி விளக்கின் அவுட்டில் செருகினால் முடிந்தது. 1-ஆம் முனையைத் தொட வேண்டாம். ஒரு லைனில் 32 சாதனம் வரை என்பது டிஎம்எக்ஸ் விதியின் எல்லை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

டிஎம்எக்ஸ் கேபிளுக்கும் மைக் கேபிளுக்கும் வேறு வேறு நிற டேப் சுற்றுங்கள். 48 வோல்ட் ஃபாண்டம் (மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) ஆன் ஆகியிருக்கும் மிக்ஸர் சேனலில் டிஎம்எக்ஸ் லைனைச் செருகினால், விளக்கின் உள்ளே இருக்கும் சிக்னல் சிப் போகலாம்.

அரங்கம்_புதுசு

டெர்மினேட்டர் செய்தாயிற்று. இப்போது சீன் பதிவது எப்படி? கையேட்டைப் படித்துப் பதிந்தேன். வெளியே வந்து சீன் பட்டனை அழுத்தினால் ஒன்றும் எரியவில்லை.

ஐந்துமுனை

பிளாக்அவுட் (எல்லா விளக்கையும் இருட்டாக்கும் பட்டன்) லைட் எரிகிறதா பாருங்கள். புரோகிராம் முறையை விட்டு வெளியேறும்போது இந்த டெஸ்க் பிளாக்அவுட்டைப் போட்டுக்கொள்ளும். ஒருமுறை அழுத்தினால் விலகும். பதிந்தது எங்கும் போகவில்லை.

முழு வரிசை இது:

1. வேகம், ஃபேட் டைம் இரண்டு ஃபேடரையும் கீழே இறக்குங்கள்.
2. புரோகிராம் பட்டனை 3 நொடி அழுத்திப் பிடியுங்கள், லைட் சிமிட்டும்.
3. பேங்க் அம்புக்குறியால் பேங்க் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 30 பேங்க், ஒவ்வொன்றிலும் 8 சீன், மொத்தம் 240.
4. ஸ்கேனர் 1-ஐ அழுத்தி ஃபேடர்களை வையுங்கள். முடிந்ததும் அதே பட்டனை மறுபடி அழுத்தி அணைத்துவிட்டு அடுத்த ஸ்கேனருக்குப் போங்கள்.
5. காட்சி முழுதும் சரியானதும் மிடி/ரெக் பட்டன் ஒருமுறை, பிறகு சீன் பட்டன். லைட்டுகள் சிமிட்டினால் பதிந்தாயிற்று.
6. புரோகிராம் 3 நொடி, வெளியே. பிளாக்அவுட்டை விலக்குங்கள்.

4-ஆவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய ஸ்கேனர் பட்டனை அணைக்காமல் அடுத்ததை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே தேர்வில் இருக்கும், ஃபேடரை நகர்த்தினால் இரண்டும் மாறும். வேண்டும்போது அது வசதி: 4 பார் பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் ஒரே ஃபேடரில் எல்லாப் பாரும் சிவக்கும், ஆனால் பக்கம் ஏ-யில் ஒருமுறை, பி-யில் ஒருமுறை செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஃபேடர் நிற்கும் இடத்துக்கும் அந்தச் சேனலில் உள்ள மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்தை மாற்றிவிட்டுத் திரும்பி வந்து ஃபேடரை லேசாகத் தொட்டாலும், மதிப்பு ஃபேடர் இருக்கும் இடத்துக்குத் தாவும்.

பீமை ஒரு நடிகர் மேல் குறிவைக்கும்போது பேன் ஃபைனையும் பயன்படுத்துங்கள். பேன் வீச்சு 540 டிகிரி, ஒரு சேனலில் 256 படி, ஆக ஒரு படி 2.1 டிகிரி. 10 மீட்டர் தூரத்தில் அது 37 சென்டிமீட்டர் தாவல். ஃபைன் இல்லாமல் ஒளிவட்டம் முகத்துக்கும் தோளுக்கும் நடுவே எங்காவது போய் நிற்கும்.

திரைச்சீலை

நாடகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நடனத்துக்கு ஓடும் முறை நாடகத்துக்கு உதவாது.

வசனப் பிரதியை எடுத்து ஓரத்தில் க்யூ (ஒளி மாற வேண்டிய இடம்) எண் எழுதுங்கள்: எந்தச் சொல்லில் மாற வேண்டும், எந்த பேங்க், எந்த சீன், எத்தனை நொடி. நாடகத்தின் க்யூக்களை பேங்க் 1-இல் தொடங்கி வரிசையாகப் பதியுங்கள், எண் தாவக் கூடாது. இருட்டில் கை தேடும்போது அடுத்த பட்டன் அடுத்த காட்சியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பேங்க்கிலும் 8-ஆம் சீனை ஒரே மாதிரி வையுங்கள்: பார்களில் நீலம் மட்டும் மிகக் குறைவாக, பொருள் மாற்றும் பிள்ளைகள் இடறாத அளவுக்கு. அப்போது எந்த பேங்க்கில் இருந்தாலும் 8 என்றால் காட்சி மாற்றம்.

பீம் வரும் காட்சிக்கு முன்னால் ஓர் இருட்டு சீன் பதியுங்கள். அதில் பீமின் டிம்மர் 0, ஆனால் பேனும் டில்ட்டும் நிறமும் அடுத்த காட்சிக்கு உரிய இடத்தில். தலை இருட்டிலேயே திரும்பி நின்றுவிடும். இல்லாவிட்டால் எரிந்துகொண்டே பார்வையாளர் கண்ணைக் கீறிக்கொண்டு மேடைக்கு வரும்.

ஃபேட் டைம் எல்லாச் சேனலுக்குமா, பேன் டில்ட்டுக்கு மட்டுமா என்று அமைக்கும் வழி கையேட்டில் இருக்கும், தேடுங்கள். எல்லாவற்றுக்கும் என்று இருந்தால் நிறச் சக்கரமும் மெதுவாகச் சுற்றி, சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போவதற்குள் இடையில் உள்ள நிறமெல்லாம் வந்துபோகும். சீனைக் கையால் அழுத்தும்போது ஃபேட் வேலை செய்கிறதா என்பதும் மாடலுக்கு மாடல் வேறு. வெள்ளை ஒன்று, இருட்டு ஒன்று பதிந்து சோதித்துவிட்டுப் பிறகு திட்டம் போடுங்கள்.

முகத்துக்கு ஹாலஜனை வையுங்கள். எல்இடியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏற்றி வரும் வெள்ளையில் தோல் நிறம் செத்துப்போகும். பார்தான் வேண்டுமென்றால் வெள்ளைச் சேனலோடு கொஞ்சம் சிவப்பு. உயரத்திலிருந்து 45 டிகிரி வாக்கில் இரு பக்கமும் வந்தால் கண்குழி தெரியாது.

பார்64

எல்லாம் சரி, ஆனால் ஆண்டு விழாவுக்கு 192 என்பது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவது. சீன் என்றால் அதில் 192 சேனலும் சேர்ந்த ஒரே படம். பார் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு பீமை மட்டும் மாற்ற வேண்டுமானால் இன்னொரு சீன், 5 நிறம் 5 பீம் நிலை என்றால் 25 சீன். ஆவோலைட்ஸ் பேர்ல் 2010 போன்ற ஒரு பெரிய டெஸ்க்கை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பாருக்கு ஒரு பிளேபேக் ஃபேடர் (பதிந்ததை ஓட்டும் ஃபேடர்), பீமுக்கு ஒன்று, இரண்டையும் கலந்து ஓட்டலாம்.

ஐந்துமுனை

குறை நீங்கள் சொன்னதுதான். ஆனால் ஒரு நாள் வாடகையில் முதல்முறை பேர்லைப் பார்ப்பவர் அன்று மாலைக்குள் பேச் செய்வதே (எந்த விளக்கு எந்த அட்ரஸில் என்று டெஸ்க்குக்குச் சொல்வது) பெரிய வேலை. அங்கே வேறு பாடமும் இருக்கிறது: வெளிச்ச அளவில் எந்த ஃபேடர் உயரமோ அது ஜெயிக்கும், நிறம், நிலை போன்றவற்றில் கடைசியாக வந்தது ஜெயிக்கும். இது புரியாமல் 2 ஃபேடரை ஏற்றினால் பீம் ஏன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்று குழப்பம்தான். ஈஓஎஸ் போன்ற தியேட்டர் டெஸ்க்குகளில் டிராக்கிங் வேறு. க்யூ 5-இல் செய்த திருத்தம், அந்தச் சேனலை வேறொரு க்யூ மாற்றும் வரை 6, 7, 8 என்று வழிந்துகொண்டே போகும்.

பழக வேண்டுமென்றால் காசு கேட்காத வழி இருக்கிறது. ஈஓஎஸ், கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி என்ற இரண்டு டெஸ்க் மென்பொருளையும் இலவசமாக இறக்கி வீட்டிலேயே பழகலாம். நிஜ விளக்குக்கு வெளியீடு வேண்டும்போதுதான் அவர்களின் வன்பொருள். க்யூஎல்சி பிளஸ் முழுக்க இலவசம், யுஎஸ்பி டிஎம்எக்ஸ் இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் லேப்டாப்பே டெஸ்க். மலிவான ஓப்பன் வகையில் சிக்னலின் நேரக் கணக்கை லேப்டாப் பார்க்க வேண்டும், அது திணறினால் விளக்கும் திணறும். ப்ரோ வகையில் உள்ளேயே ஒரு சிப் அந்த வேலையைப் பார்க்கும், விலை கூடுதல்.

இந்த விழாவுக்கு 192-யே போதும் என்பது என் கருத்து. நடனங்களுக்கு பாட்டுக்கு ஒரு பேங்க், 8 சீன், தேவைப்பட்டால் ஒரு சேஸ் (சீன்கள் தானாக அடுத்தடுத்து ஓடும் வரிசை). சேஸ் 6 மட்டுமே உண்டு, அவற்றை வேகப் பாட்டுக்கு ஒதுக்குங்கள்.

அரங்கம்_புதுசு

நாடகம் பேங்க் 1 முதல் 3 வரை பதிந்தாயிற்று. கடைசியாக ஒரு சந்தேகம். பீம் 2-இன் நிறத்தையோ டிம்மரையோ மாற்றினால் பீம் 1-இல் ஏதோ சின்னதாக அசைகிறது. 3-ஐத் தொட்டால் 2 அப்படி. 4 மட்டும் யாராலும் பாதிக்கப்படவில்லை. அட்ரஸ் 129, 145, 161, 177 என்றுதான் இருக்கிறது, நான்கு தடவை சரிபார்த்தேன். கேபிள் கோளாறா?

ஐந்துமுனை

கேபிள் இல்லை. கேபிள் கோளாறு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. உங்கள் பீம்கள் 20 சேனல் மோடில் இருக்க வேண்டும். பீம் 1 அப்போது 129 முதல் 148 வரை கேட்கிறது. பீம் 2 தொடங்குவதோ 145-இல். 145 முதல் 148 வரை இரண்டுக்கும் பொது, அதனால் பீம் 2-இன் முதல் 4 சேனலை ஆட்டினால் பீம் 1-இன் கடைசி 4 சேனலும் ஆடும். 4-க்குப் பின்னால் யாரும் இல்லை, அதனால் அது தப்பியது.

நான்கிலும் மெனுவில் 16 சேனல் மோடு வைத்துச் சேமியுங்கள்.

அரங்கம்_புதுசு

ஆமாம் சார், 20-தான் இருந்தது. மாற்றியதும் அசைவு போய்விட்டது. ஆனால் பேங்க் 2-இல் பதிந்த பீம் காட்சியில் தலை மேற்கூரையைப் பார்க்கிறது!

ஐந்துமுனை

மோடு மாறினால் சேனல் வரிசையும் மாறியிருக்கும். முன்பு வேறெதற்கோ பதிந்த மதிப்பு இப்போது டில்ட்டுக்குப் போகிறது. பீம் வரும் சீன்களை மட்டும் திறந்து ஸ்கேனர் 9 முதல் 12 வரை மறுபடி வைத்து, அதே சீன் பட்டனில் பதியுங்கள். பாருக்கும் ஹாலஜனுக்கும் பதிந்தது அப்படியே இருக்கும்.

திரைச்சீலை

மறுபடி பதியும் முன் புரோகிராம் முறையில் அந்த சீன் பட்டனை ஒருமுறை அழுத்தி, அதன் மதிப்புகள் மேடையில் வந்துவிட்டனவா என்று பாருங்கள். வராமல் பதிந்தால் பாரெல்லாம் 0-ஆக மேலெழுதப்பட்டுவிடும்.